ஒரே பிரீமியம், வெவ்வேறு உயிர் விலை: விபத்து இழப்பீட்டுக் கணக்கில் சாதி

ஆயிரம் சிசிக்கு மேற்படாத ஒரு தனியார் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் ஆண்டுக்கு 2,094 ரூபாய். அதற்கு மேல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய். அதையும் தாண்டினால் 7,897 ரூபாய். 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வருமாறு ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்த விகிதங்கள் இவை. அந்தக் கார் எந்தத் தெருவில் ஓடப்போகிறது, யார்மீது மோதப்போகிறது என்று கட்டணம் வாங்கும்போது எவரும் கேட்பதில்லை. என்ஜினின் கொள்ளளவு மட்டுமே பார்க்கப்படுகிறது. மோதிய பிறகு கணக்கு தலைகீழாகிவிடுகிறது. காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை அடிபட்டவரின் மாத வருமானமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அந்த வருமானம் எங்கிருந்து வந்தது, ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது என்று கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

விபத்து இழப்பீடு என்றால் வழக்கறிஞர்களின் துறை என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம் இயக்கங்களில் இருக்கிறது. வன்கொடுமை வழக்குகளில் காட்டப்படும் கவனத்தில் ஒரு சிறு பங்குகூட இதற்குக் கிடைப்பதில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்; 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் பதிவாயின. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். இந்த விவரங்களைத் தரும் அமைச்சக அறிக்கையில் இறந்தவரின் வயது, பாலினம், வண்டியின் வகை, சாலையின் வகை எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு. சாதிக்கு இல்லை. ஊரையும் சேரியையும் பிரித்துக்கொண்டு ஓடும் நெடுஞ்சாலையை நாள்தோறும் கடந்து வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். அதை எண்ணாகச் சொல்ல அரசிடம் தரவு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் பிரிவு 146 பொதுச்சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. மூன்றாம் நபர் என்றால் வண்டியின் உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் அல்லாத பிறர்: நடந்து செல்பவர், சைக்கிளில் செல்பவர், எதிரே வரும் வண்டியில் இருப்பவர். வண்டி ஓட்டியவரின் தவறால் இவர்கள் இறந்தாலோ காயமடைந்தாலோ உரிமையாளர் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை நிறுவனம் கொடுக்கும். சொந்த வண்டியைத் தானே ஓட்டிச் சென்று, தன் தவறால் விழுந்து இறந்த உரிமையாளரின் குடும்பத்துக்கு இந்தக் காப்பீட்டில் ஒன்றும் கிடைக்காது. அதற்கெனத் தனியாக உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு இருக்கிறது. 2018இல் அதன் தொகை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. பழைய பைக்கை வாங்கி ஓட்டும் இளைஞர்கள் பலர் இதை எடுப்பதில்லை. சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தப் போய், குடும்பத்துக்கு வரவேண்டிய 15 லட்சம் போய்விடுகிறது. வண்டியை வாங்கியவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது பிரிவு 157. மாற்றாவிட்டாலும் மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு தொடரும். ஓட்டுபவருக்கான பாதுகாப்பை அப்படி எதிர்பார்க்க முடியாது.

பாதிக்கப்பட்டவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது பிரிவு 164. யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். இரண்டாவது பிரிவு 166. எதிர்த் தரப்பின் தவறைக் காட்ட வேண்டும். தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. தீர்ப்பாயம் 'நியாயமான இழப்பீடு' என்று கருதுவதை வழங்கும். குற்றவியல் வழக்கில் போல ஐயத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் இங்கே தேவையில்லை. எது நடந்திருக்கக்கூடும் என்ற அளவில் காட்டினால் போதும். ஒரு செய்தியைக் கிராமம்தோறும் சொல்ல வேண்டும்: பிரிவு 149இன் நடைமுறைப்படி 164க்கான தொகையை ஏற்றுக்கொண்டால், 166இன் கீழ் போட்ட மனு காலாவதியாகிவிடும். துக்க வீட்டுக்கு வந்து 5 லட்சம் உடனே தருகிறோம் என்று சொல்பவர் இதைச் சொல்லப்போவதில்லை.

ஒரு கணக்கு

பிரிவு 166இன் 'நியாயமான' தொகையை வகுக்கும் சூத்திரத்தை உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் நிலைநிறுத்தியுள்ளன: 2009இன் சரளா வர்மா வழக்கு, 2017இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்த பிரணய் சேத்தி வழக்கு. சூத்திரம் எளியது. இறந்தவரின் ஆண்டு வருமானத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். எதிர்கால வருமான உயர்வுக்கென ஒரு விழுக்காட்டைக் கூட்ட வேண்டும். அவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக்கூடிய பங்கைக் கழிக்க வேண்டும். சார்ந்திருப்போர் நான்கு முதல் ஆறு பேர் என்றால் கால் பங்கு. மிஞ்சுவதை வயதுக்கு ஏற்ற பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். 31 முதல் 35 வயது வரை பெருக்கெண் 16.

முப்பத்துநான்கு வயதில் இறந்துபோன ஒரு வேளாண் கூலித் தொழிலாளியை எண்ணிக்கொள்வோம். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய். தீர்ப்பாயம் அவருடைய மாத வருமானத்தை 9,000 ரூபாய் என எடுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு 1,08,000. எதிர்கால உயர்வு 40 விழுக்காடு சேர்த்தால் 1,51,200. கால் பங்கு கழிய 1,13,400. பதினாறால் பெருக்கினால் 18,14,400 ரூபாய். அதே வயது, அதே குடும்பம், மாதம் 50,000 ரூபாய் ஊதியம் பெறும் அரசு ஊழியர் என்றால், எதிர்கால உயர்வு 50 விழுக்காடு. வருமான வரியைக் கணக்கில் கொள்ளாமல் பார்த்தால் 1,08,00,000 ரூபாய். இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே அளவில் கிடைப்பவை துணை இழப்புக்கு ஆளுக்கு 40,000, சொத்து இழப்புக்கு 15,000, ஈமச் செலவுக்கு 15,000 ஆகியவை மட்டுமே. இவை மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு உயரும். சாவுச் செலவில் நாம் சமமாக இருக்கிறோம்.

அந்த 40, 50 என்ற எண்களைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். நிரந்தரப் பணியில் உள்ள, நாற்பது வயதுக்கு உட்பட்டவருக்கு எதிர்கால உயர்வு 50 விழுக்காடு. சுயதொழில் செய்பவருக்கும் நிலையான சம்பளம் பெறுபவருக்கும் 40. நாற்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் முறையே 30, 25. அதற்குமேல் அறுபது வரை 15, 10. அன்றாடங்காய்ச்சிகளுக்கு எதிர்கால உயர்வே இல்லை என்ற வாதம் முன்பு நீதிமன்றங்களில் எடுபட்டது. 2017 தீர்ப்பு அதை மாற்றியது முன்னேற்றம்தான். ஆனால் இருவரும் 15,000 ரூபாயே சம்பாதித்தாலும், மேலே சொன்ன குடும்பக் கணக்கில் நிரந்தரப் பணியாளரின் குடும்பத்துக்கு 32,40,000, தினக்கூலியின் குடும்பத்துக்கு 30,24,000. 2,16,000 ரூபாய் வேறுபாடு. நிரந்தரப் பணி யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்ற வரலாறு முழுவதும் இந்தப் பத்து விழுக்காட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியைச் சேர்ந்த உழைப்பாளர்களில் 45.9 விழுக்காட்டினர் வேளாண் கூலிகள். நாட்டின் மொத்த உழைப்பாளர்களில் அது சுமார் 30 விழுக்காடு. நிலம் மறுக்கப்பட்டதால் கூலி; கூலி என்பதால் ரசீது இல்லை; ரசீது இல்லாததால் வருமானம் 'உத்தேசம்'.

எந்த நீதிபதியும் சாதியைப் பார்த்துத் தொகையைக் குறைக்கிறார் என்று இதற்குப் பொருளில்லை. குறைக்கத் தேவையே இல்லை என்பதுதான் சிக்கல். சூத்திரம் வருமானத்தை இயற்கை உண்மைபோல எடுத்துக்கொள்கிறது. கூலி வாழ்நாளில் செய்த அநீதியை, செத்த பிறகு பெருக்கெண் பதினாறு மடங்காக்கித் தருகிறது.

வேறு விதமாகவும் கணக்கிட முடியும் என்பதற்கு நம் சட்டங்களிலேயே சான்று உண்டு. வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 2016இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி கொலைக்கான நிவாரணம் 8,25,000 ரூபாய். கொல்லப்பட்டவரின் ஊதியத்தை எவரும் கேட்பதில்லை. கழிவுநீர்த் தொட்டியில் இறப்பவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அங்கும் வருமானக் கேள்வி இல்லை. ஆக, ஒரு ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் சாக்கடைக்குள் இறந்தால் 30 லட்சம். அதே மனிதர் விடியற்காலை நெடுஞ்சாலையோரம் பெருக்கிக்கொண்டிருக்கும்போது லாரி மோதி இறந்தால், ஒப்பந்ததாரர் எழுதிவைத்திருக்கும் கூலியைக் கொண்டு கணக்கு. வேலைநேரத்தில் இறந்தவர் என்பதால் தொழிலாளர் இழப்பீட்டையும் அவர் குடும்பம் கோரலாம். ஆனால் பிரிவு 167இன்படி இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

'கூலி' என்ற ஒரு சொல்

மேலே சொன்ன குடும்பத்துக்கு மாத வருமானத்தில் ஒவ்வொரு ஆயிரம் ரூபாயும் இழப்பீட்டில் 2,01,600 ரூபாயாக மாறுகிறது. ஆகவே வழக்கின் உயிர் வருமானத்தை நிறுவுவதில் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையிலும் பிணக்கூறாய்வுச் சான்றிலும் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதிவிட்டால் தீர்ப்பாயத்தில் அது பின்தொடர்ந்து வரும். இறந்தவர் கொத்தனாராக இருந்திருக்கலாம், தென்னை ஏறுபவராக இருந்திருக்கலாம், அறுவடை இயந்திரம் ஓட்டியிருக்கலாம். ஆறு மாதம் வயலில், நான்கு மாதம் செங்கல் சூளையில், திருவிழாக் காலத்தில் பறை இசைக்குழுவோடு என மூன்று வருமானம் உள்ளவர்கள் நம்மிடையே ஏராளம். அத்தனையும் ஒரு சொல்லில் அடங்கிப்போகிறது.

ஆவணம் இல்லாவிட்டால் வழக்கு இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கர்நாடகத்தில் 2004இல் விபத்தில் காயமடைந்த ஒரு கூலித் தொழிலாளி தம் வருமானம் மாதம் 4,500 ரூபாய் என்றார். ஆதாரம் இல்லையென்று தீர்ப்பாயம் 3,000 ரூபாயாகக் குறைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குறைப்பை ஏற்கவில்லை. அமைப்புசாராத் தொழிலாளியிடம் ஆவணத்தை எதிர்பார்க்க முடியாது என்று கூறி 4,500 ரூபாயையே ஏற்றது. 2008இல் விபத்தில் காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரிக்கு 2014இல் மாதம் 6,500 ரூபாய் என்று நிர்ணயித்தது. வேடிக்கை என்னவென்றால், அடித்தளமாக இருக்க வேண்டிய இத்தகைய எண்களைப் பிற்காலத்து விபத்துகளிலும் உச்சவரம்பைப்போல எதிர்த் தரப்பினர் நீட்டுவதைப் பார்க்கிறோம். 2008இன் 6,500 இன்றைக்கு என்ன என்று கேட்க வழக்கறிஞருக்கு நாம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

மேஸ்திரியின் சாட்சியம் ஒரு சான்று. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை ஒரு சான்று. மகளிர் குழுக் கடனுக்கும் நுண்கடன் நிறுவனத்துக்கும் மாதந்தோறும் கட்டிய தவணைப் புத்தகம் நல்ல சான்று: மாதம் 6,000 ரூபாய் தவணை கட்டிய வீட்டில் வருமானம் 7,000 மட்டுமே என்று வாதிடுவது கடினம். கைப்பேசி வழியாக வந்த கூலி வரவு, பிள்ளையின் பள்ளிக் கட்டண ரசீது, வண்டித் தவணை எல்லாம் பயன்படும். கோரிய தொகையைவிடக் கூடுதலாக வழங்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லிவிட்டது.

பெண்களின் நிலை இன்னும் கசப்பானது. சட்டத்தின் பழைய இரண்டாம் அட்டவணை, வருமானம் இல்லாத மனைவியின் மதிப்பைக் கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்திருந்தது. கூலிக்காரரின் மனைவி என்றால் குறைந்ததிலும் மூன்றில் ஒன்று. 2019 திருத்தம் அந்த அட்டவணையை நீக்கியது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவது தெரியவந்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை மேற்கோள் காட்டி இல்லப் பணியின் பொருளாதார மதிப்பை வலியுறுத்தியது. 2024இல், இல்லத்தரசியின் வருமானத்தைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாக நிர்ணயிக்கக் கூடாது என்றது. நம் வீடுகளில் பெரும்பாலான பெண்கள் இல்லத்தரசிகள் மட்டும் அல்லர். களை பறித்துவிட்டு வந்து சோறாக்குகிறவர்கள். கூலி வருமானமும் இல்லப் பணியின் மதிப்பும் இரண்டும் சேர்த்துக் கோரப்பட வேண்டும். மனுக்களில் இரண்டில் ஒன்று விடுபட்டுப்போவதே வழக்கமாக இருக்கிறது.

குழந்தைகளுக்கு ஆண்டு வருமானம் 15,000 ரூபாய் என்று பழைய அட்டவணையில் இருந்ததைப் பிடித்துக்கொண்டு நெடுங்காலம் தீர்ப்புகள் வந்தன. 2025இல் உச்ச நீதிமன்றம், இறந்த குழந்தையின் வருமானத்தை அந்தந்த மாநிலத்தில் திறன்பெற்ற தொழிலாளிக்கு உள்ள குறைந்தபட்ச ஊதியத்தைக் கொண்டு கணக்கிட வேண்டும் என்றது. ஒரு கேள்வி இதிலிருந்து தானாகவே எழுகிறது. எட்டு வயதுக் குழந்தைக்குத் திறன்பெற்ற தொழிலாளியின் ஊதியம் என்றால், இருபது ஆண்டு நாற்று நட்ட, கரும்பு வெட்டிய கைகளுக்கு மட்டும் 'திறனற்ற' கூலி ஏன்?

உடலே கருவியாக இருப்பவருக்கு

காயமடைந்தவர்களின் வழக்குகளில் கவனிக்க வேண்டியது மருத்துவச் சான்றில் உள்ள ஊன விழுக்காடு. ஒரு காலுக்கு 40 விழுக்காடு ஊனம் என்று சான்று வந்தால், வருமான இழப்பும் 40 விழுக்காடு என்று, சில சமயம் அதற்கும் குறைவாக, முடித்துவிடுகிறார்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக வேறுபடுத்திக் காட்டியது: உடலின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் ஆற்றலின் இழப்பு வேறு. இடது கையை இழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ இழப்பு ஏறத்தாழ நூறு விழுக்காடாக இருக்கலாம். அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம். சித்தாள் வேலை பார்க்கும் பெண்ணுக்கு முழங்கால் மடங்கவில்லை என்றால் அவருடைய தொழில் முடிந்தது. இதைச் சொல்வதற்கு மருத்துவரிடம் சரியான கேள்வி கேட்கப்பட வேண்டும்: இவரால் குந்தி உட்கார முடியுமா, சுமை தூக்க முடியுமா, ஏணி ஏற முடியுமா? அந்தக் கேள்விகள் கேட்கப்படாத வழக்கில் சான்றில் உள்ள எண்ணே தீர்ப்பாகிவிடும். எதிர்கால மருத்துவச் செலவு, உடனிருந்து கவனித்தவரின் கூலி இழப்பு, வலிக்கும் வேதனைக்குமான தொகை ஆகியவை தனித்தனித் தலைப்புகள். நோயாளியுடன் மூன்று மாதம் மருத்துவமனையில் கிடந்த தாயின் கூலியும் இழப்புதான்.

அவசரச் சிகிச்சைக்கு ஒன்றிய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் ஏழு நாள்வரை ஒன்றரை லட்சம் ரூபாய் வரம்பில் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. இவற்றைப் பெற்றதனால் இழப்பீடு கோரும் உரிமை போய்விடாது.

லோடு வண்டியில் போனவர்கள்

நடவுக்கும் அறுவடைக்கும் ஆட்களை ஏற்றிச் செல்வது மினி லாரியில். காதுகுத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் சாவு வீட்டுக்கும் ஊரே ஏறிச் செல்வது லோடு ஆட்டோவில். பேருந்து வராத குடியிருப்புகளுக்கு வேறு வழி என்ன? அந்த வண்டி கவிழ்ந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ செல்லலாம். வெறும் பயணியாகச் சென்றவருக்குக் கட்டாயக் காப்பீடு பொருந்தாது. இழப்பீட்டை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க வேண்டும். அவரும் பெரும்பாலும் தவணைக்கு வண்டி வாங்கியவர். அவரிடம் எடுப்பதற்கு என்ன இருக்கிறது? ஒரு சாவுக்குப் பின் இரண்டு குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வருகின்றன. இரண்டும் பல நேரங்களில் ஒரே தெருவைச் சேர்ந்தவை.

எனினும் சில வாசல்கள் உண்டு. வண்டி உரிமையாளரின் பணியாளராக, சுமை ஏற்றி இறக்கச் சென்றவருக்குப் பிரிவு 147இன் கீழ்த் தொழிலாளர் இழப்பீட்டு அளவுக்குக் காப்பீடு பொருந்தும். காய்கறி மூட்டையோடு சந்தைக்குப் போன பெண், சரக்கின் உரிமையாளர். முதல் தகவல் அறிக்கையில் 'பயணி' என்று எழுதப்படுகிறதா, 'சுமைத் தொழிலாளி' என்றும் 'சரக்குடன் சென்றவர்' என்றும் உள்ளபடி எழுதப்படுகிறதா என்பதில் வழக்கின் தலைவிதி இருக்கிறது. உண்மை எதுவோ அதை அன்றே பதிவு செய்யவைப்பது காவல் நிலையத்துக்குப் போகும் தோழர்களின் வேலை. இன்னொன்றும் ஓட்டுநர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: இலகுரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரையிலான போக்குவரத்து வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. உரிமம் செல்லாது என்ற பழைய வாதம் அந்த எடை வரை இனி நிற்காது.

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டிகளால் 2022இல் 30,486 பேர் இறந்தனர். வண்டி அடையாளம் தெரியாவிட்டால் பிரிவு 161இன் கீழ் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இதற்குத் தீர்ப்பாயம் தேவையில்லை. வருவாய்த் துறை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். திட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டியது காவல்துறையின் கடமை என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது என்பதே, எத்தனை பேருக்கு அது சொல்லப்படாமல் இருந்தது என்பதைக் காட்டும். மோதிய வண்டிக்குக் காப்பீடே இல்லையென்றால், உரிமையாளர் பிணையம் கட்டாமல் அதை விடுவிக்கக் கூடாது, கட்டாவிட்டால் ஏலத்தில் விற்றுத் தொகையைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும் என்று மாநிலங்கள் விதி செய்ய 2018இல் அது உத்தரவிட்டது.

காலமும் கையெழுத்தும்

2022 ஏப்ரல் முதல் பிரிவு 166 மனுவுக்கு ஆறு மாதக் கெடு மீண்டும் வந்துவிட்டது. 1994இல் நாடாளுமன்றம் நீக்கிய கெடுவை 2019 திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. மருத்துவமனையில் நான்கு மாதம் கிடந்து, கடனுக்கு அலைந்து, கருமாதி முடித்து நிமிர்வதற்குள் ஆறு மாதம் கடந்துவிடும் குடும்பங்கள் எவை என்று விளக்கத் தேவையில்லை. இக்கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் உள்ளன. காலதாமதத்தைக் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. ஆனாலும் இடைக்கால உத்தரவை நம்பிக் காத்திருக்க வேண்டாம். காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பிரிவு 166இன் நான்காம் உட்பிரிவின்படி காவல்துறை அனுப்பும் விபத்து அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். அறிக்கை போனதா என்று எழுத்தில் கேளுங்கள். விபத்து ஓசூரில் நடந்தாலும் மனுவை விழுப்புரத்தில் போடலாம்; மனுதாரர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பெண்களும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12இன்படி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். கிடைக்கும் தொகையில் இத்தனை விழுக்காடு என்று வழக்கறிஞர் கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் தடைசெய்கின்றன. மருத்துவமனை வாசலிலேயே வெற்றுத்தாளில் கைரேகை வாங்கும் தரகர்கள் அதைப் படித்தவர்கள் அல்லர். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொண்டால் மேல்முறையீடு கிடையாது. அங்கே கையெழுத்துப் போடும் முன், மேலே உள்ள சூத்திரத்தை ஒரு தாளில் போட்டுப் பார்க்க ஒரு கல்லூரி மாணவர் போதும்.

இழப்பீடு கூடினால் பிரீமியம் கூடும், ஏழைகளே காப்பீடு எடுக்க மாட்டார்கள் என்று காப்பீட்டு நிறுவனங்கள் சொல்கின்றன. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 75 முதல் 150 சிசி வரையிலான இருசக்கர வாகனத்துக்கு 714 ரூபாய், அதற்கு மேல் 350 சிசி வரை 1,366 ரூபாய் என்பதே பலருக்குச் சுமை. நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை காப்பீடின்றி ஓடுவதாக நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது, அவற்றில் பெரும்பங்கு இருசக்கர வாகனங்கள். ஆனால் சுமையைக் குறைக்கும் வழி, 7,897 ரூபாய் கட்டும் கார் உரிமையாளரிடம் இன்னும் கொஞ்சம் கேட்பதாகவும் இருக்கலாம். நிறுவனங்கள் விரும்பியது வேறு. 2016ஆம் ஆண்டின் திருத்த மசோதா, இறப்புக்கு 10 லட்சம், கொடுங்காயத்துக்கு 5 லட்சம் என்று காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பு வைத்தது. எதிர்ப்புக்குப் பின் அது கைவிடப்பட்டது. எனினும் நிறைவேறிய சட்டத்தின் பிரிவு 147இன் இரண்டாம் உட்பிரிவு, அடிப்படைப் பிரீமியத்தையும் அதற்குரிய நிறுவனப் பொறுப்பின் அளவையும் வகுக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. நாடாளுமன்றத்தில் விவாதமின்றி, ஒரு விதியின் வழியாகவே வரம்பு திரும்பி வர முடியும். அப்படி வந்தால் வரம்பைத் தாண்டிய தொகைக்கு வண்டி உரிமையாளரைத் துரத்த வேண்டும். லோடு வண்டி வழக்குகளில் இன்று நடப்பது எல்லா வழக்குகளிலும் நடக்கும்.

கேட்க வேண்டியவை மூன்று என் பார்வையில் உடனடியானவை. எந்தத் தொழிலாளியின் வருமானமும் திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது; குழந்தைக்கு வகுத்த அளவுகோலைப் பெரியவருக்கு மறுக்க முடியாது. நிரந்தரப் பணிக்கும் கூலிப் பணிக்கும் இடையிலான 50, 40 வேறுபாட்டைப் பெரிய அமர்வு மறுஆய்வு செய்ய வேண்டும். காவல்துறையின் விரிவான விபத்து அறிக்கையில் பாதிக்கப்பட்டவரின் சாதி, தொழில் இரண்டும் பதிவாக வேண்டும். விதிகளுக்குச் சட்டமே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: பிரிவு 212இன்படி முதலில் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வரைவு அறிவிக்கைகளில் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் 30 நாட்கள்.